கவிதா படித்து முடித்த நாவல்

செவ்வாய், இரவு.

குளத்தூர் பஸ்ஸில் கவிதா நாவலை முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கிருக்கும் ரத்தப் புற்றுநோய்தான் கதையில் வரும் பெண்ணுக்கும். கடைசியில் செத்துப்போகிறாள்.

"அவ சாகுறப்ப எனக்கு ஒன் மொகந்தான்டி தெரிஞ்சுச்சு" என்றாள்.

நாவலைப் பிடுங்கி அவள் முகத்திலேயே ஓங்கி அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. முடியைப் பிடித்துத் தலையை ஜன்னல் கம்பியில் இடித்தேன்.

சின்ன வயதில் நாங்கள் தோழிகளானதிலிருந்து நான் ஒன்று கொடுத்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவள் அவள். எனக்கு நோய் வருவதற்கு முன் அவள் கடித்த தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

இன்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒனக்குக் கை வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

"திருப்பி அடிடி" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் கையை ஓங்கவே இல்லை.