தாங்கலில் எழுதிய "இல்லை"கள்

ஐப்பசி, புதன் இரவு.

வளவனூர்ப் பக்கத்துத் தாங்கலை என் தட்டான் கணக்கெடுப்பிலிருந்து இன்றோடு நீக்கிவிடலாம் என்றுதான் காலையில் போனேன். வெள்ளைத் திட்டு இறக்கைத் தட்டானுக்கு நேராக மூன்று வருடமாக "இல்லை" என்றே எழுதுகிறேன்.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த செல்வி அக்கா கேட்டார்:

"இன்னா சார், வரும்போதெல்லாம் தண்ணியவே பாத்துக்கினு நிக்கிறீங்க?"

தேடுவதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அது பொழுது சாஞ்சாதான் வரும். பத்து மணிக்கு வந்து தேடுனா?"

வெயிலில்தான் தட்டான் பறக்கும் என்று படித்தவன் நான். எரிச்சலாக வந்தது, அவர் மேல் அல்ல.

சாயங்காலம் மறுபடி போனேன். இருட்டும் நேரத்தில் தண்ணீர்மேல் ஒன்று வந்தது, பிறகு ஏழெட்டு. உடம்பு தெரியவில்லை, வெள்ளைத் திட்டுகள் மட்டும் அங்குமிங்கும் ஓடின. மாட்டை ஓட்டிக்கொண்டு போன அக்கா, "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். பழைய "இல்லை"களை அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "காலை பத்து மணிக்கு" என்று சேர்த்தேன்.

போன வருடம் நீக்கிய நான்கு ஏரிகளுக்கும் நான் காலையில்தான் போயிருந்தேன்.