அமுக்கு, பிடி, விடு

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் உன் வீட்டுக்காரனும் சுகம். நீயும் அந்தத் துறைமுகத்துக் காற்றில் சளி கிளி பிடிக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

தினம் போனில் பேசுகிறோமே, இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி அத்தை, சரி அத்தை" என்கிறாய். பின்னால் உன் கிரேன்கள் போடும் சத்தம் வேறு. சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. காகிதத்தில் என்றால் நீ குறுக்கே சரி சொல்ல முடியாது பார்.

விஷயம் உன் வண்டியைப் பற்றி. போன மாதம் ஒரு நாள், "ஷெட்ல சும்மா நின்னு வீணாப் போறதுக்கு, யாராவது கேட்டா வித்துடுங்க அத்தை" என்று சொன்னாய். அங்கே மழையா என்று கேட்பாயே, அதே குரலில். நானும் தலையாட்டிவிட்டு போனை வைத்தேன். அப்புறம் அடுப்படியில் நின்றபடியே யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நீயே சம்பாதித்து வாங்கிய வண்டி. உன்னைவிட வயதில் மூத்த ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உன் கால்கள் மட்டும்தான் எங்கள் கண்ணில் படும். டீ வேண்டுமா என்று நான் அந்தக் கால்களிடம்தான் கேட்பேன். வேண்டும் என்றால் வலது கால் ஆடும். அப்படி இருந்தவள் விற்றுவிடு என்றால், எனக்கு அது வெறும் வண்டிப் பேச்சாகத் தெரியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்ன அடுத்த வாரமே தெருமுனைப் பல் டாக்டர் வந்துவிட்டார். உன் வீட்டுக்காரன்தான் தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். ஷெட்டைத் திறந்து போர்வையை எடுத்தோம். தூசியைத் தவிர ஒரு குறையும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குத் தள்ளலாம் என்று மூன்று பேரும் தம் கட்டித் தள்ளினால், வண்டி இம்மிகூட அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் பின் சக்கரம் இரண்டும் இறுகிப் போயிருந்தன. நீ அந்தத் துறைமுக வேலைக்குக் கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். உன் வீட்டுக்காரன் கட்டையும் வைத்தான், பிரேக்கையும் இழுத்துவிட்டான். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நினைத்தானாம்.

டாக்டர் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தார். அவர் உடம்பு உனக்குத் தெரியும். ஏறியது அவராக, இறக்கியது நாங்கள் இரண்டு பேரும். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓடலைன்னாலும் பரவாயில்லம்மா. இன்ஜினைக் கழட்டிட்டு ஆஸ்பத்திரி முன்னறையில நிறுத்திடுவேன். சின்னப் பசங்க ஏறி விளையாடும், ஊசி பயம் போகும்" என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானோ, கன்னம் வீங்கிய பிள்ளைகள் அழுதுகொண்டே உன் ஸ்டியரிங்கைத் திருப்புவதை நினைத்துப் பார்த்தேன். மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் வீட்டுக்காரன் குனிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறவன், வீட்டில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். விற்பதோ வைப்பதோ பிறகு. முதலில் வண்டி ஓட வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடவா என்றான். உன் வண்டியில் வேறு ஆள் கை வைத்தால் நீ சும்மா இருப்பாயா? நாமே செய்வோம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். இத்தனை வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்த கை, நூல் கோத்த கண், இன்னும் மழுங்கிவிடவில்லை என்றேன். அவனுடைய பழைய பேன்ட் ஒன்றை இடுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மேல் வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, வண்டியைக் காட்டி, "பெரிய மருமக ஊர்ல இல்லைன்னதும் சின்ன மருமகளைக் கவனிக்கிறீங்களா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும்.

நீ அலமாரியில் விட்டுப்போன ரிப்பேர் புத்தகத்தை அவன் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிப்பான், நான் படத்தைப் பார்த்துச் செய்வேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது என்று நீ சொல்வாயே, அதை மறக்கவில்லை. பயப்படாதே, ஸ்டாண்டு வைத்துத்தான் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றி, மரச் சுத்தியலால் பிரேக்கை மூடியிருக்கும் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினோம். ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டியும் வரவில்லை. மறுநாள் தட்டிய இரண்டாவது தட்டில், நேற்றெல்லாம் விளையாட்டுக் காட்டிய மாதிரி கழன்று கையில் வந்தது. உள்ளே ஒரு பக்கம் பிரேக் ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது. ஆயிலை அடைத்துப் பிடிக்கிற ரப்பர் எல்லாம் கல் மாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, நீ பிஸ்கட் டப்பாவில் புது ரப்பர் வாங்கி வைத்திருந்தாய்.

ரப்பர் மாற்றியது ஒன்றும் கஷ்டமில்லை, பட்டன் துளை தைப்பதைவிடச் சுலபம். பிரேக் ஷூவுக்கு மாட்டுகிற ஸ்பிரிங் இருக்கிறதே, அதுதான் எங்கள் பிராணனை வாங்கிவிட்டது. ஒரு பக்கம் மாட்டினால் மறு பக்கம் துள்ளும். ஒருமுறை துள்ளிப் போய் உன் வீட்டுக்காரன் மூக்குக் கண்ணாடியில் பட்டு, ஒரு பக்கம் விரிசல் விட்டது. கண்ணாடிக் கடைக்காரன் விரிசல் கண்ணாடியோடு இரண்டு நாள் கடைக்குப் போனான். வந்தவர்கள் எல்லாம் விசாரித்தார்களாம். அம்மா அடித்துவிட்டாள் என்று சொன்னானாம்.

அப்புறம் பிரேக்கில் புகுந்த காற்றை எடுக்கும் வேலை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், நான் சக்கரத்துப் பக்கம் படுத்துக்கொண்டு காற்று வெளியேறும் நிப்பிளைத் தளர்த்த வேண்டும், குழாய் வழியாக ஜாம் பாட்டிலில் குமிழி வரும், மறுபடி இறுக்கிய பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். நான் "அமுக்கு, பிடி" என்பேன். "விடு" என்று சொல்வதற்குள் அவன் விட்டுவிடுவான். போன காற்று முழுக்கத் திரும்ப உள்ளே ஏறிவிடும். திட்டினேன். மறுபடி ஆரம்பித்தோம். இடையில் பிரேக் ஆயில் டப்பாவை அவன் பானெட் மேல் வைத்து, வழிந்த ஆயில் பட்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்துவிட்டது. அவளிடம் சொல்லாதே என்றான். சொல்லிவிட்டேன்.

இப்போது எழுதப்போவதுதான் நான் காகிதம் எடுத்ததற்குக் காரணம்.

மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது இருவருக்கும் தாளம் பிடிபட்டிருந்தது. அமுக்கு, பிடி, விடு. அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. நடுவில் வண்டி. அப்போது அவனாகவே பேச ஆரம்பித்தான். உன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று நீ அவனிடம் சொன்னாயாமே. இதை நீங்கள் இருவரும் என்னிடம் சொல்லவில்லை, அது போகட்டும். அதற்கு இவன் "உன் இஷ்டம்" என்று சொன்னானாம்.

அடியிலிருந்தபடியே, இது என்னடா பதில் என்று கேட்டேன்.

"வேற என்னம்மா சொல்றது? வந்துடுன்னு சொன்னா அவ வேலையை நான் கெடுத்த மாதிரி ஆகும். அவ எவ்வளவு ஆசைப்பட்டுப் போன வேலை. அங்கேயே இருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதான் அவ இஷ்டம்னேன்" என்றான்.

நான் பிடி என்றேன். பிடித்தான். குமிழி வந்தது. விடு என்றேன்.

கொஞ்சம் கழித்து, "அம்மா, வித்துடுங்கன்னு அவ வண்டியை மட்டும்தான் சொன்னாளா?" என்று கேட்டான்.

என் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால்கூட வாய்விட்டு அழாதவன். எழுந்து போய் அவன் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. போயிருந்தால் அதோடு வாயை மூடிக்கொண்டிருப்பான். அதனால் படுத்தபடியே, அமுக்கு என்றேன். அமுக்கினான். அந்தச் சக்கரமும் முடிந்து, கடைசிச் சக்கரமும் முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தான். நீ விமான நிலையத்தில் திரும்பிப் பார்த்தபோது கை காட்டாமல் நின்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகப் போவது, எல்லாம் சொன்னான். ஒவ்வொரு தடவையும் சரியாக நான் "விடு" என்ற பிறகுதான் காலை எடுத்தான். பெடல் கல் மாதிரி நின்றது.

மற்ற வேலையெல்லாம் மளமளவென்று முடிந்தது. பழைய பெட்ரோலை வடித்தோம். பிளக்குகளைத் துடைத்து இடைவெளி பார்த்தேன். துணியின் கனம் பார்த்துப் பழகிய விரல், அளவுத் தகடு சரியென்று சொல்லும் முன்பே சொல்லிவிட்டது. வண்டியின் துணிக் கூரையில் மடிப்பு கிழிந்திருந்தது. மெஷின் ஊசி ஏறவில்லை, மெழுகு தடவிய நூலால் கையாலேயே தைத்தேன். பூவாளியால் தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். உள்ளே உட்கார்ந்திருந்தவன் நனையாமல் வெளியே வந்தான்.

பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பியதும் இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! மேல் வீட்டம்மா உலர்த்திக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் இந்த வயதில் கைதட்டினேன் என்றால் நம்புவாயா?

இத்தனை வருஷத்தில் அதில் நான் ஏறியதே இல்லை. தரையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும், எனக்கு வேண்டாம் என்பேன். அன்றைக்கு ஏறினேன். கூரையை மடித்துவிட்டு, ஏரிக்கரைச் சாலையில் நேராகப் போனோம். முட்டி வலி இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு தடவை நடுரோட்டில் இன்ஜினை அணையவிட்டான், பின்னால் வந்த பஸ்காரர் திட்டவில்லை, இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார். திரும்பும்போது உன் வீட்டுக்காரன் சிரித்தான். பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

சொன்னபடி மாதக் கடைசியில் டாக்டர் வந்தார். நான் உள்ளேயே நின்றுகொண்டேன். இவனே வாசலுக்குப் போனான். "மன்னிச்சுக்குங்க டாக்டர். அது என் மனைவியோட வண்டி. அவதான் ஓட்டுவா" என்று நிதானமாகச் சொன்னான். டாக்டருக்கு வருத்தம்தான். அப்படியானால் ஒரே ஒரு ரவுண்டு என்று கேட்டார். கூட்டிப் போய் வந்தான். இந்த முறையும் இறக்கி விட்டது நாங்கள்தான்.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, அம்மா. வேலை உன்னுடையது, அதன் அருமை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் இருக்க வேண்டியிருந்தால் இரு. நாங்கள் வந்து பார்க்க மாட்டோமா? ஆனால் அவன் "உன் இஷ்டம்" என்றானே, அதைக் காதில் விழுந்த மாதிரியே எடுத்துக்கொள்ளாதே. நான் எழுதினேன் என்று அவனிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். முகம் பார்க்காமல் பேசவிட்டால் பேசுவான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நீ ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே பேசிப் பார்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. நிற்கும்போது இன்ஜின் ஒரே சீராக ஓடவில்லை, கொஞ்சம் குலுங்குகிறது. கார்புரேட்டர் இரண்டும் காற்றைச் சமமாக இழுக்கவில்லையாம். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு இரண்டையும் ஒன்றுபோலத் திருகிவைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. எனக்கு வராது என்று சொன்னால் பொய். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் செய்துவிடுவேன். ஆனால் அதை நான் தொடப்போவதில்லை, அவனும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு உன் காதுதான் வேண்டும். வருகிறபோது வந்து செய். அதுவரை குலுங்கிக்கொண்டே ஓடட்டும்.

எங்கே இருந்தாலும் மனம் குளிர இரு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எப்போதும் உன்னை நினைத்திருக்கும்
அத்தை