திரையில் சொன்ன பெயர்

செடெனாக்
4 மார்ச் 1930

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னத்தம்பியின் வணக்கம். காய்ச்சல் விட்டதா?

போன வருஷம் நம் லாபிஸ் தோட்டத்தில் சிங்கப்பூர்க்காரர்கள் எடுத்த பேய்ப்படம், ஊர் ஊராகப் படம் காட்டும் எங்கள் கூடாரத்துக்கு வந்திருக்கிறது. பேய் வரவே மாட்டேன் என்கிறது. ஒரு பெண் சன்னலோரம் உட்கார்ந்து புருஷனுக்காகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். “பேய்க்கு ரயிலு தப்பிப் போச்சா லா?” என்று சனங்கள் கத்துகிறார்கள். ஊமைப்படம் அல்லவா, திரையருகே நின்று நான்தான் கதை சொல்லி ஒப்பேற்றுகிறேன்.

அதில் அண்ணன் இருக்கிறார். கையில் விளக்கும் ரப்பர்ப்பால் வாளியுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் நடந்து போகிறார். அவர் இறந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். மரியாதை கெட்டவன் என்று திட்டாதீர்கள்; ஒவ்வொரு ஆட்டத்திலும், “அதோ செல்லப்பன்! என் அண்ணன்!” என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னத்தம்பி

லாபிஸ்
12 மார்ச்

தம்பிக்கு ஆசீர்வாதம்.

தைப்பூசத்துக்கும் வரவில்லை, கடிதத்தில் மட்டும் அண்ணி அண்ணி என்கிறாய். அவருடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் இல்லை. படத்தை இங்கே கொண்டு வா. முதுகானாலும் போதும்.

சந்திரமதி

கூலாய்
30 மார்ச்

அண்ணி,

அந்தப் படம் வேண்டாம். அண்ணன் திரும்பத் தொடங்கிவிட்டார். பெயரைச் சொல்லச் சொல்ல, முதலில் தலை, பிறகு தோள். நேற்று முழு முகம். விளக்கை உயர்த்திப் பிடித்து, உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். மிஷின் ஓட்டும் மூர்த்தி, “ஓடித் தேஞ்ச பிலிமுண்ணே, கோடு விழுந்திருக்கு” என்றான். ஆனால் அந்த இடம் வந்தால் அவனும் தலையைக் குனிந்துகொள்கிறான்.

சின்னத்தம்பி

லாபிஸ்
6 ஏப்ரல்

தம்பி,

யாரைத் தேடுகிறார் என்று உனக்குத் தெரியாதா? மரத்தடியில் விழுந்து இறந்தவரை நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனவர் அவர். கொண்டு வா.

சந்திரமதி

லாபிஸ்
2 மே

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே திடலில் படம் காட்டிய அன்று நீ அவர் பெயரைச் சொல்லாமல் நின்றாய். என் நன்மைக்குத்தான். கோபமில்லை. அதனால் நானே சொன்னேன். கல்யாணமான நாள் முதல் என் வாயில் வராத பெயர். “அலமாக்! புருஷன் பேரையே கூப்புடுறா பாரு!” என்று பின்னால் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா என் வாயைப் பொத்தினாள். அவர் என்னைப் பார்த்துவிட்டார். விளக்கைத் தாழ்த்தினார்.

இப்போது விடியலில், பெரட்டில் ஆள் கணக்கெடுக்க மணி அடிக்கும் முன், லயத்து வீட்டு வாசலில் வெளிச்சம் நிற்கிறது. கதவைத் திறந்தால் முதுகுதான். முன்னால் நடக்கிறார். நேற்று வேலிவரை கூடப் போனேன். பயமாக இல்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு.

சந்திரமதி

கெலாங் பாத்தா
19 மே

அண்ணி,

தந்திக்கும் பதில் இல்லை. நேற்று இங்கே ஆட்டம். அண்ணன் முதலில் இருந்ததுபோலவே முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். அவருக்குப் பின்னால் வாளியோடு ஒரு பெண் போகிறாள். அந்த நடை எனக்குத் தெரியும்.

“யாருண்ணே அந்தப் பொம்பள? பேரைச் சொல்லுங்க!” என்று முன்வரிசையில் கேட்டார்கள். உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நேற்று அது நாக்கு நுனிவரை வந்தது. அழைத்தால் திரும்புவீர்கள். திரும்பினால் நீங்களும் ஊர் ஊராக விளக்கைத் தூக்கிக்கொண்டு தேட வேண்டிவரும். மரங்களுக்குள் வெளிச்சம் மறையும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

லாபிஸில்தான் இருக்கிறீர்கள் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள், அண்ணி.

சின்னத்தம்பி