இளவரசி தேனம்மையின் பிறந்தநாளுக்கு ஊர் வராத காரணம்

மங்கலம் நிலைபெறுக, மாரி பொய்யாதிருக்க. வெண்குடை நாட்டு மாமன்னர் திருவடி நிழலில் நின்று நாடு காக்கும் பெருமந்திரி, பனம்பூர் கிழான் சாத்தன் நக்கனாகிய கொற்றவதரையன், ஆற்றங்கால் நாட்டுப் பேரமைச்சர் பூதன் தேவனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டு ஆறும், ஆற்றில் நீரும், நீரில் மீனும், மீனுக்குக் காத்திருக்கும் கொக்கும் நலமென்று நம்புகிறோம்.

முதற்கண் ஒரு மெய்யை நாட்டிவிடுகிறோம். யாம் அமைச்சுப் பொறுப்பேற்ற இப்பதினாறு ஆண்டுகளில், எமது முரசு அழைத்து வராத உயிர் இந்நாட்டு எல்லைக்குள் ஒன்றுமில்லை. போருக்கு அழைத்தோம், வேலோடு வந்தார்கள். ஏரிக்கரை உடைந்தபோது அழைத்தோம், மண்வெட்டியோடு வந்தார்கள். ஒருமுறை முரசின் தோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அறைந்தோம். அதற்கும் வந்து, தோல் நன்றாக இருக்கிறதென்று சொல்லிப் போனார்கள். ஆகவே, இன்று காலை எம் இளவரசி தேனம்மை நங்கையின் ஐந்தாம் நாள்மங்கலமாகிய பிறந்தநாள் விழாவுக்கு ஒருவரும் வரவில்லையென்று தங்கள் நாட்டில் இனி உலவக்கூடிய செய்தி அப்பட்டமான பொய். நால்வர் வந்தார்கள்.

நால்வருள் முதல்வர் நாள் குறித்துக் கொடுத்த சோதிடர். தாமே வராவிட்டால் குறித்த நாள் பிழையென்று ஆகிவிடுமே என்று வந்தார். இரண்டாமவர் எமக்கு முகம் மழிக்கும் நாவிதர்; வழக்கமான நாளில் வழக்கம்போல் வந்தார். மூன்றாமவர் வடதிசை வணிகர்; பந்தலைக் கண்டு சாவடியென எண்ணிக் காலை நீட்டிப் படுத்தார். நான்காமவர் அவைப்புலவர். ‘தலைகளே அலைகளான கடல்’ என்று தொடங்கிப் போன வாரமே பாடி முடித்திருந்த நூறு பாடல்களையும் அவர் ஒன்று குறையாமல் பாடினார். அலைகளுள் ஒன்று குறட்டை விட்டது.

பிள்ளை என்று சொல்லத்தக்க ஒருவரும் வரவில்லை.

இளவரசியார் பட்டுப் பாவாடை உடுத்து, தம் உயரத்துக்கு அடுக்கிய அதிரசக் குவியலின் பக்கத்தில் அமர்ந்து, அதை எவரும் தொடலாகாதென ஆணையிட்டிருந்தார். பிள்ளைகள் வந்ததும் தம் கையால் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பதென்பது அவர் திட்டம். நான்கு நாழிகை கழிந்தபின் எம்மை அருகழைத்து, ‘அவங்கல்லாம் எம்மேல கோவமா இருக்காங்களா?’ என்று வினவியருளினார். நாற்பது நாட்டுத் தூதர்க்கு நின்ற இடத்தில் விடை தந்த யாம், இதற்கு விடையை ஓலையில் எழுதித் தருவதாகச் சொன்னோம். தமக்கு இன்னும் படிக்கத் தெரியாதென்று அவர் நினைவூட்டினார்.

இத்தகைய நெருக்கடிக்கு அரசியல் அறிந்தோர் செய்யத்தக்க யாவையும் செய்தோம். மெய்க்காவலர் நாற்பதின்மருக்குப் பிள்ளைகளின் சட்டையைப் போட்டுப் பாயில் அமர்த்தினோம். இளவரசியார் வரிசையாக ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து, ‘இந்தப் பாப்பாவுக்கு மீசை, இந்தப் பாப்பாவுக்கும் மீசை’ என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழாவது பாப்பா அழுதுவிட்டான். பின்னர், இருப்பவர்களைப் பெருக்கிக் காட்டும் பொருட்டு அரண்மனைக் கண்ணாடிகளையெல்லாம் பந்தலைச் சுற்றி நிறுத்தினோம். வெற்றுப் பாய்கள் பெருகின. இறுதியில் சோதிடரைத் தனியே கண்டு பேசியதில், இளவரசியாரின் விண்மீனும் இன்னும் வந்து சேரவில்லையென்றும், மாலை விளக்கேற்றும் வேளைக்குத்தான் வருமென்றும், அதுவரை பிறந்தநாள் பிறக்கவில்லையென்றும் அவர் கண்டுபிடித்தார். எமக்கு அந்திவரை அவகாசம் கிடைத்தது.

இது கலகமே என்று துணிந்து மூன்று ஒற்றரை வீதிக்கு விட்டோம். கேட்டதைக் கேட்டபடி கொணர்க என்பது ஆணை. ஆதலின் அவர்கள் கொணர்ந்த சொற்களுக்கு எம்மைப் பொறுப்பாக்க வேண்டா. செக்கு ஓட்டும் வடிவாச்சி என்பாள் முதல் ஒற்றனிடம், ‘ஊருக்குச் சொன்னாங்க, நல்லாவே கேட்டுச்சு. எங்களுக்கு யாருய்யா வந்து சொன்னது?’ என்றாள். நெசவுத் தெரு ஒச்சன் என்பான் இரண்டாம் ஒற்றனிடம், ‘முரசு அடிச்சா அது ஏரி உடைஞ்ச சேதி. வெத்தல பாக்கு வெச்சு வீட்டுல வந்து கூப்பிட்டாத்தான் விசேஷம். கூப்பிடாமப் போனா, அதிரசத்துக்கு அலையறான் பாருன்னு நீயே சொல்லுவே’ என்றான். ஒற்றன் தான் அவ்வாறு சொல்லக்கூடியவனே என்று எம்மிடம் ஒப்புக்கொண்டான். அரண்மனை ஏவலர் வந்து வெற்றிலை வைத்தால் ஆகுமா என்று முதல் ஒற்றன் கேட்டதற்கு, வடிவாச்சி செக்கை நிறுத்தாமலே, ‘நீங்க ஆளை அனுப்புனா நாங்களும் ஆளை அனுப்புறோம்’ என்றாளாம்.

மூன்றாம் ஒற்றன் ஒன்றும் கேட்கவில்லை; கண்டதைச் சொன்னான். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் விடியலிலேயே தலை முழுகி, பூ வைத்து, உள்ளதில் நல்ல உடையை உடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். வடிவாச்சியின் மகள் தாயி, இளவரசியாருக்கென்று தானே செய்த களிமண் கிளியை மடியில் வைத்துக்கொண்டு, ‘எப்பம்மா வருவாங்க?’ என்று கேட்டபடி இருக்கிறாளாம். ‘கூப்பிடட்டும்டி, போலாம்’ என்று தாய் சொல்லியபடி இருக்கிறாளாம். இங்கே ஒருத்தி வருவார்களென்று உட்கார்ந்திருக்க, அங்கே ஊரே அழைப்பார்களென்று உட்கார்ந்திருக்கிறது.

இதை அரசியாரிடம் விண்ணப்பித்தோம். ‘யார் போய்க் கூப்பிட்டது?’ என்று ஒன்றே கேட்டார். முரசு என்றோம். அவர் கையிலிருந்த விசிறி நின்றது. மன்னர்பிரான் தாமே புறப்பட எழுந்தார். அவர் எழுந்தால் கொடியும் குடையும் யானையும் உடன் எழும், யானையைக் கண்டால் ஊர் கதவைச் சாத்தும் என்று அரசியார் தடுத்தார். பிறகு இருவரும் எம்மைப் பார்த்தார்கள்.

இவ்விடத்தில், சென்ற தைத் திங்களில் யாம் தங்களுக்கு விடுத்த ஓலையைக் குறித்துச் சில சொல்ல வேண்டியுளது. தங்கள் இளவரசரின் காதணி விழாவுக்குப் பேரமைச்சராகிய தாங்களே வெயிலில் வெற்றிலைத் தட்டேந்தி வீடுவீடாக ஏறி இறங்கியதைக் கேள்வியுற்று, ‘அமைச்சரா, கல்யாணத் தரகரா?’ என்று அதில் வினவியிருந்தோம். ‘ஆற்றங்கால் நாட்டில் முரசுக்குத் தோல் கிடைக்கவில்லையெனில் ஓர் எருமை அனுப்புகிறோம்’ என்றும் இருந்தது. எருமை பற்றிய வரியை எழுத்தனின் பிழையாகக் கொள்க. எழுத்தன் மறுக்கிறான். அவ்விழாவில் பந்தல் கொள்ளாமல் மக்கள் ஆற்றுமணலில் பந்தி இருந்து உண்டார்கள் என்பதையும் யாம் அன்றே அறிவோம், எழுதத்தான் இல்லை.

நிற்க. இன்று பிற்பகல் தொட்டு யாம் மேற்கொண்டிருப்பது வீதி ஆய்வு. ஆய்வாளர் கையில் ஏதேனும் இருத்தல் முறையாதலின் ஒரு தட்டு இருக்கிறது. தட்டு வெறுமையாக இருத்தல் மங்கலமன்றாதலின் அதில் வெற்றிலை, பாக்கு, குங்குமம் இருக்கின்றன. வடிவாச்சியின் வாசலில் நின்று எம் விருதுப்பெயர்களைச் சொல்லத் தொடங்கினோம். மூன்றாவது பெயரில் அவள், ‘வெயில்ல நின்னுக்கிட்டு என்ன, உள்ள வாங்கய்யா’ என்றாள். மீதிப் பதினொரு பெயர்களை வாசலிலேயே விட்டு உள்ளே சென்றோம். ‘பாப்பாவுக்குப் பொறந்தநாள், எல்லாரும் அவசியம் வந்துடணும்’ என்று ஒரு குரல் கேட்டது. அது எம்முடையதாக இருந்தது. தாயி, தன் தாய் வெற்றிலையை எடுக்குமுன்பே செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

இளவரசியாரின் வினாவுக்கு விடை இப்போது எம்மிடம் உண்டு. கோபம் அவர்மேலன்று, எம்மேல். அதை அவரிடம் வாயாலேயே சொல்வோம்.

இனி இவ்வோலையின் பொருள். ஒவ்வொரு வீட்டிலும் மோர் தருகிறார்கள். மறுத்தால் அழைப்பு செல்லாதாம். ஒன்பது வீடு முடிந்தது. இன்னும் இரண்டு தெரு இருக்கிறது. தாங்கள் ஓர் ஊர் முழுவதும் ஏறி இறங்கியவர். இதைத் தாங்கும் உபாயம் யாதென விரைவுக் குதிரையில் விடை விடுக்க. எம் சென்ற ஓலையை அடுப்பில் இடுக. தங்கள் வீட்டுப் பிள்ளைகளை அடுத்த ஆண்டு இதே நாளில் அனுப்பி அருள்க. அழைக்க யாமே வருவோம்.

இவ்வோலை நடந்தபடி சொல்லப்பட்டு நடந்தபடி எழுதப்பட்டதாதலின் எழுத்தின் கோணலைப் பொறுக்க. பின்னால் வரும் பிள்ளைகளின் கூச்சலில் சில சொற்கள் விடுபட்டிருக்கலாம். விளக்கேற்ற மூன்று நாழிகையே உளதாதலின் இத்துடன் நிறுத்துகிறோம். வெண்குடை வாழ்க, ஆற்றங்கால் வாழ்க. இது கொற்றவதரையன் ஆணை.

பெருமந்திரியின் இரு கையிலும் தட்டு இருந்தமையால் முத்திரை எழுத்தன் இட்டது.