அண்ணன் கட்டிய நாலாம் நம்பர் வீடு

ஆகஸ்ட் 2, சனி

காற்று. ஆடி முடியும்வரை இப்படித்தான். கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில். திரும்பத் துவைத்தேன்.

காலையில் இட்லி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். புது வீட்டைக் கைக்கு வாங்கும் முன் செக் பண்ணிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். கோயமுத்தூரிலேயே. அரை நாள் வேலை. ஈரம் பார்க்கும் மிஷின், போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் உண்டாம்.

"புது ஊட்டுக்கு எதுக்குங்க? அதும் எங்கண்ணன் கட்டுனது."

"அதுக்குத்தான் சொல்றேன். வேற ஆளு கட்டியிருந்தா நீயே போய்ச் சண்டை போட்டிருப்ப."

சட்னியில் உப்பு ஜாஸ்தி என்றதற்கு மட்டும் சண்டை போட்டேன்.

சரவணம்பட்டி தாண்டி அண்ணனின் தோட்டம். அதை சைட் போட்டு வரிசையாக ஆறு வீடு கட்டியிருக்கிறார். எங்களுடையது நாலாம் நம்பர். இந்தச் சோமனூர் வாடகை வீட்டில் பத்தொன்பது வருஷம் ஆச்சு. ஆவணியில் புண்ணியார்ச்சனை வைத்துக் குடிபோகிறோம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. பத்தாம் தேதி ஞாயிறு சாவி. அன்றைக்கு ஒரு தாளில் கையெழுத்தும் போட வேண்டும்: 'வீட்டை முழுமையாகச் சரிபார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.'

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பீஸைத் திருப்பி அனுப்புகிறவள். பார்க்காததைப் பார்த்தேன் என்று இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீடு பார்க்கப் போனோம். அண்ணன் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெள்ளை வேட்டி. முகமெல்லாம் சிரிப்பு.

மாடி பால்கனியில் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினேன், சும்மா. வெளிக் குழாய்ப் பக்கம் போக வேண்டிய தண்ணீர் கதவடிக்கு வந்தது. வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, உள்பக்கம். "ஏனுங்ணா, வாட்டம் தப்பா இருக்குதுங்களே" என்று கேட்க வாயெடுத்தேன். வாயில் வந்தது, "டைல்ஸ் நல்லாருக்குதுங்ணா." என் வாயில் ரெண்டு போட வேண்டும்.

"உனக்குன்னு தனியா எடுத்தது கண்ணு. தண்ணி நின்னா என்ன, வெயிலடிச்சாக் காஞ்சுபோகும்." அண்ணன் காலாலேயே தண்ணீரைத் தள்ளிவிட்டார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மோட்டார் ரூமைப் பார்த்தேன்.

ஆளைக் கூப்பிட்டால்: அண்ணன் முகம். நங்கை முகம் (அண்ணன் சம்சாரம், அது தனிக் கணக்கு). கூடப் பிறந்தவனையே சந்தேகப்பட்டவள் என்று ஊர் பூராவும் பேச்சு. அப்பா போன பிறகு ஒரு சீரைக்கூட விட்டதில்லை அந்த மனுஷன்.

கூப்பிடாவிட்டால்: மழை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். முட்டி வலி.

கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் பையருடைய ஆள் வந்திருந்தார், அனுப்பப் போகும் சரக்கைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக. முதலாளியே டீ கொடுத்தார். பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னார். எங்களை நம்பவில்லையா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் முதலாளி பையருக்கு அண்ணன் இல்லையே.

சாப்பாட்டு நேரத்தில் அந்த வீடு பார்க்கிற ஆளுக்குப் போன் போட்டேன்.

"பில்டர் சம்மதிப்பாருங்களா?"

"எங்கண்ணனுங்க."

"சொந்தக்காரங்க கட்டுனதுன்னா நெறையப் பேரு புக் பண்ணிப்போட்டு கேன்சல் பண்ணிருவாங்க. நீங்க நல்லா ரோசன பண்ணிட்டுச் சொல்லுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிறு காலைக்கு புக் பண்ணினேன். மூன்று மணிக்கு கேன்சல் பண்ணினேன்.

மிளகாய்த்தூள், பினாயில், அவர் பிரஷர் மாத்திரை. மூன்றும் வாங்க மறந்து போச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

லீவு போட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி நாலாம் நம்பருக்குள் போனேன். ஹேண்ட்பேக்கில் கம்பெனி ஏரோ ஸ்டிக்கர் இருந்தது. தப்பு இருக்கும் இடத்தைக் காட்ட பீஸில் ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு. ஒட்டிப் போட்டோ எடுத்துவிட்டு உரித்துவிடலாம் என்று நினைப்பு. வெளியாள் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஐந்து ரூபாய்க் காசால் டைல்ஸைத் தட்டினேன். அடியில் சிமென்ட் இல்லாத பொக்குச் சத்தம் வந்த இடத்தில் எல்லாம் ஓர் அம்பு. ஜன்னல் மூலையில் விரிசல், ஓர் அம்பு. பால்கனிக்குக் கீழே சமையலறைச் சுவர் கையில் ஜில்லென்றது. அங்கே நாலு. முதல் நாள் வேலைக்கு வந்தவள் மாதிரி உற்சாகம். ஸ்டிக்கர் தீர்ந்தே போச்சு.

அப்போது வாசலில் கார். அண்ணன். கூடவே போத்தனூரிலிருந்து ஒரு சின்ன வயசுப் புருஷன் பெண்சாதி, இடுப்பில் குழந்தை. ஆறாம் நம்பர் வாங்க வந்தவர்கள். உள்வேலை முடிந்த வீடு இதுதான் என்று காட்டக் கூட்டி வந்திருக்கிறார்.

சுவரெல்லாம் சிவப்பு அம்பு. நடுவில் நான், கையில் காசோடு.

அண்ணன் ஒவ்வொரு அம்பாகப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"எங்க அம்மணிங்க, தங்கச்சி" என்றார் அவர்களிடம். "எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங்ல பெரிய ஆளு. நாந்தான் பாக்கச் சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்க ஊட்டையும் அக்காவே பாத்துச் சொல்லுவாங்களா?"

"அதுக்கென்னுங்க, சொல்லும்" என்றார் அண்ணன்.

என் போன் நம்பரையும் அவரே கொடுத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தலைவலி. நேற்று நடந்ததை ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு அரை மணி நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இப்ப ரெண்டு ஊட்டுக்கு நீ கையெழுத்துப் போடோணும்" என்றார். அது உண்மை என்பதால் கோபம் வந்தது.

நங்கை போன். "உங்கண்ணன் ராத்திரி சோறு உங்கலைங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா செஞ்சு குடுக்காமயா போயிருப்பாரு? காலைலயே ஆள உட்டு, நீங்க ஒட்டுன எடத்துக்கெல்லாம் பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சாச்சு. இனி ஒண்ணும் தெரியாதுங்க."

இனி ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் பெயிண்டுக்கு அடியில் ஈரம் அப்படியே இருக்குமே.

சாயங்காலம் போத்தனூர்ப் பெண்ணின் போன். "அக்கா, உங்க வார்த்தைய நம்பித்தான் அட்வான்ஸ் குடுக்கறோம். தாராளமா வாங்கலாமுங்களா?"

"ஞாயித்துக்கெழமை சொல்றனுங்க."

அந்த வீடு பார்க்கிற இன்ஸ்பெக்டருக்குத் திரும்பப் போன். ஞாயிறு ஒன்பது மணி இன்னும் காலியாம். சிரிக்காமல் பேசினார், பாவம்.

ஆகஸ்ட் 9, சனி

சொல்லாமல் ஆளைக் கூட்டிப் போகக் கூடாது. அண்ணன் வீட்டுக்கு நானே தனியாகப் போனேன். வாழைப்பழம் வாங்கிப் போனேன், எதற்கென்று தெரியவில்லை.

அண்ணன் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். நின்ற வாக்கிலேயே சொன்னேன். "நாளைக்கு ஊட்டப் பாக்க ஆள் கூட்டிட்டு வாரனுங்ணா. மிஷின் வெச்சுப் பாக்கற ஆளு."

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "எம்மேல நம்பிக்கை இல்லியா கண்ணு?"

ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் ஓடி ஒளிந்தேன். அப்படியெல்லாம் இல்லீங்ணா என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் நின்றது.

"ஊட்டு விசயத்துல நம்பிக்கை இல்லீங்ணா."

உள்ளே போய்விட்டார். நங்கை காப்பி கொடுத்தாள். குடித்தேன். சர்க்கரை போடவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றேவா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில், காற்று. இன்ஸ்பெக்டர் ஒன்பதேகாலுக்கு வந்தார். மெலிந்த மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சமையலறையில் புதுப் பெயிண்ட் மேல் மிஷினை வைத்ததும் அது கத்த ஆரம்பித்தது. சுவர் பூரா ஈரம். மேலே பால்கனித் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பால்கனித் தளத்தை உடைத்து வாட்டம் மாற்றிப் போட வேண்டும். சுவர் காயவே ஒன்றரை மாசம்.

"ஆறு ஊட்டுக்கும் ஒரே மேஸ்திரிங்களா? அப்ப ஆறுலயும் பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பினால் வாசலில் அண்ணன். எப்போது வந்தாரோ. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"அந்தப் போத்தனூர்ப் புள்ளைக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிரு."

"என்னன்னு சொல்றதுங்ணா?"

"பாத்தத."

அண்ணன் எதிரிலேயே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "சொல்லுங்கக்கா, வாங்கலாமுங்களா?"

"இப்ப வேண்டாமுங்க. தண்ணி உள்ள எறங்குது. எங்கண்ணன் சரி பண்ணட்டும். மறுக்கா ஆளக் கூட்டிட்டு வந்து பாத்துட்டுச் சொல்றேன். நானும் அதுக்கப்பறந்தான் குடிபோறேன்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்திரிகை தேதி பற்றி அவரிடம் நான் கேட்கவே இல்லை. என் பையை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்தார். நாலாக மடித்துத் திரும்ப வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஒடைக்க ஆளு வரும். சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போ." அவ்வளவுதான். பைக் எடுத்துப் போய்விட்டார். நான் செய்தது சரி. எனக்கு அழுகை நிற்கவில்லை.

இருநூறு பத்திரிகையும் வீண். புதுத் தேதிக்குத் திரும்ப அடிக்க வேண்டும். அதில் முதல் பத்திரிகை, தாம்பூலத் தட்டோடு, கூடப் பிறந்தவருக்குத்தான் வைக்க வேண்டும். வாங்கிக்கொள்வாரா?