ஃபார்வர்ட் என்ற சொல்லும் உன் அப்பாவும்

அன்பு மகள் பெரியவளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி மூவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருபத்துநான்கு நாளாக நீ வாயே திறக்காததால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. எனக்கு மட்டும் என்று நீ எழுதியதை நான் குடும்பக் குழுவில் போட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் என் கையில் போனைப் பார்த்தாலே இந்த வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், நான் ஏதோ துப்பாக்கி வைத்திருப்பது போல. காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை. வீட்டுச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி கார் ஓட்டும் தேர்வில் மூன்றாவது முறையாகத் தோற்றான்; தேர்வு நடத்தியவர் வண்டியை விட்டு இறங்கி நடந்தே ஆபீசுக்குத் திரும்பினாராம். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் வயலின் கற்றுக்கொள்கிறார், வயலினுக்கு அதில் சம்மதம் இருப்பதாகத் தெரியவில்லை. குளியலறைக் குழாயை பிளம்பர் வந்து சரிசெய்தார். இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது.

இந்த இருபத்துநான்கு நாளில் எனக்கு நிறைய நேரம் கிடைத்தது, யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை அல்லவா, அதனால் பரணில் இருந்த பழைய ஆங்கில அகராதியை எடுத்துத் தூசி தட்டி 'ஃபார்வர்ட்' என்ற சொல்லைத் தேடினேன். என் குடியைக் கெடுத்த சொல்லின் பூர்வீகம் தெரிய வேண்டாமா. முதலில் அதற்கு முன்பக்கம் என்றுதான் பொருளாம். பிறகு ஆர்வமுள்ளவன் என்று ஆகி, பிறகு அடக்கமில்லாதவன் என்று ஆகி, அதற்கும் பிறகுதான் வந்த தபாலை மேலே தள்ளிவிடுவது என்று ஆகியிருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அதற்குப் பல நூறு வருடம் பிடித்தது, நம் குடும்பம் அதை ஐம்பதே வருடத்தில் முடித்துவிட்டது. உன் அத்தைக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது சைக்கிளில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாள், போகிற வழியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் தலையைக் குனியாமல் என்ன சார் சௌக்கியமா என்று கேட்டாள். அடுத்த வாரமே ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்தி உன் தாத்தாவிடம் சொன்னார், "தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணு கொஞ்சம் ஃபார்வர்டா இருக்கா." தமிழில் சொல்லியிருந்தால் கைகலப்பு ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் சொன்னதால் அது அபிப்பிராயம் ஆகிவிட்டது, அவருக்குக் காப்பியும் கொடுத்து அனுப்பினார்கள். அதே மாதம் நான் பள்ளிக்கூடக் கால்பந்து அணியில் ஃபார்வர்டாகத் தேர்வானேன். எனக்குப் புது ஷூ வாங்கித் தந்தார்கள், அவளுடைய சைக்கிளைப் பூட்டி வைத்தார்கள். நான் அந்த வருடம் ஒரு கோல் போட்டேன், அதுவும் எங்கள் அணியின் வலையிலேயே.

அப்புறம் உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்தாள், கூடவே ஒரு டேப் ரெக்கார்டரும் வந்தது. அதில் அவளுக்குப் பிடித்த பொத்தான் ஃபார்வர்ட். சோகப் பாட்டு, முன்னுரை, யாராவது இருமுவது எல்லாவற்றையும் அதை அழுத்தித் தாண்டிவிடுவாள். கொஞ்ச நாளில் அதை மனிதர்கள் மேலும் பிரயோகிக்க ஆரம்பித்தாள். உன் மாமா தன் மூலநோய் ஆபரேஷன் கதையைத் தொடங்கினால், "அண்ணா, ஃபார்வர்ட் பண்ணி டிஸ்சார்ஜ் ஆனதுக்கு வா" என்பாள். ஆக நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்போது கேட்காமல் தாண்டுவது என்று பொருள். இதைக் குறித்து வைத்துக்கொள், ஏனென்றால் அதே காலத்தில் நான் ஆபீசில் படிக்காமல் தாண்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு வருடம் தபால் பிரிவில் உட்கார்ந்தேன் என்பது உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. ஜன்னலோரம் ஒரு மேஜை, இடது பக்கம் வருகிற காகிதம், வலது பக்கம் போகிற காகிதம், நடுவில் ஊதா மைப் பெட்டியும் 'ஃபார்வர்டட்' என்ற ரப்பர் முத்திரையும். அந்த முத்திரையின் பொருள், இதை நான் பார்த்தேன், படிக்கவில்லை, இனி இது என் தலைவலி இல்லை. ஐந்து மணிக்கு மேஜை காலியாக இருந்தால் நல்ல குமாஸ்தா. எனக்கு நாலரைக்கே காலியாகிவிடும். பக்கத்து மேஜைக்காரர், மூக்குப்பொடி என்று கூப்பிடுவோமே அவர், ஒரு மனுவை முழுசாகப் படித்துத் தொலைத்து, அதிலிருந்த விதவைக்காக மூன்று மாதம் மாடி மாடியாக அலைந்தார். வேலையும் நடந்தது, அவருக்கு மெமோவும் வந்தது. நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோம். என் சொந்த இடமாறுதல் உத்தரவு ஒருநாள் இடது பக்கம் வந்தது. முத்திரை குத்தி வலது பக்கம் தள்ளிவிட்டேன். எனக்கு மாற்றல் என்று பியூன் வந்து சொல்லித்தான் தெரியும், "என்ன சார், கிளம்பலையா இன்னும்?" என்று கேட்டார். இதை நான் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நீயும் சின்ன வயதில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாய்.

ரிட்டயர்மென்டுக்குப் பிறகு முத்திரையை ஆபீஸ் வாங்கிக்கொண்டது, போனில் ஒரு அம்புக்குறியைக் கொடுத்துவிட்டார்கள். மை கூட வேண்டாம். இப்போது அந்தச் சொல் பெயர்ச்சொல்லாகவும் ஆகிவிட்டது, ஒரு ஃபார்வர்ட் வந்தது என்றால் யார் எழுதியது என்று தெரியாத, உண்மையாக இருக்க வாய்ப்பில்லாத ஒரு விஷயம் என்று பொருள். நான் தினமும் இருபது அனுப்புவேன். பாகற்காய்ச் சாறு, கண் பயிற்சி, சூரியனில் இருந்து வரும் ஓசை. உன்னுடைய நீளமான செய்திகளையும் அனுப்புவேன், உன் வீட்டுக்காரம்மாவின் பூனை, பனியில் நீ வழுக்கி விழுந்தது, உன் ஆய்வுக்கூடத்து மேனேஜரின் டை. குழுவில் எல்லோரும் ரசிப்பார்கள், பெண் நன்றாக எழுதுகிறாள் என்பார்கள், எனக்கு அது சம்பளம் மாதிரி.

அன்று காலை நான் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. உன் செய்தி வந்தது. நீளமாக இருந்தது. "அப்பா, கொஞ்சம் நிதானமா படிங்க" என்று முதல் வரி. தலையைக் குனியச் சொன்னார் சலூன்காரர். சரி, பூனை ஏதோ செய்திருக்கிறது என்று நினைத்து அம்புக்குறியை அழுத்திவிட்டுக் குனிந்தேன். துணிக்கு அடியில் போன் நடுங்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. "ஆடாதீங்க சார், காது போயிடும்" என்றார் அவர். பாராட்டு குவிகிறது என்று நான் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டேன். முடிவெட்டி முடித்துப் பார்த்தால், உன் மாமா பூங்கொத்துப் போட்டு 'வாழ்த்துகள் மகளே' என்று எழுதியிருந்தார். அவரும் படிக்கவில்லை, அது எங்கள் தலைமுறையின் ஒற்றுமை. மற்றவர்கள் படித்திருந்தார்கள். "பெரியப்பா, சீக்கிரம் அழிங்க" என்று உன் சித்தப்பா மகள் ஆறு தடவை. அதற்குள் முப்பத்தொரு பேர் பார்த்தாயிற்று, சாயங்காலத்துக்குள் குழுவின் நாற்பத்து மூன்று பேரும். அவர்களுடைய பதில்களில் இருந்துதான், பல் டாக்டரை நீ கட்டிக்கொள்ளப்போவதில்லை என்று எனக்குத் தெரிய வந்தது. முப்பத்தொரு பேரில் ஒருவர் பல் டாக்டரின் அம்மா. சம்பந்தம் பேசி முடித்த அன்று அவரைக் குழுவில் சேர்த்தது நான்தான், எவ்வளவு பெருமையாகச் சேர்த்தேன்.

இனி எழுதப்போவதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம், உனக்குத் தெரியவே வந்திருக்காது. பயத்தில் நான் அன்று குழுவில் ஒரு வரி போட்டேன், எங்கள் வீட்டில் ஒளிவு மறைவு கிடையாது, என் மகளின் முடிவை அனைவரும் அறியட்டும் என்று. வேண்டுமென்றே, துணிச்சலாகச் செய்தது போல. சிலர் கைதட்டினார்கள். நீ அதைப் படித்தாய், "உங்களை நம்பி எழுதினேன்பா" என்று எனக்கு ஒரு வரி எழுதினாய், குழுவை விட்டுப் போனாய். என் ரகசியத்தை அப்பா தெரிந்தே ஊருக்குச் சொன்னார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியே நினைக்கட்டும் என்று இருந்தேன். ஏனென்றால் உண்மை அதைவிடக் கேவலம். நான் படிக்கவில்லை அம்மா. உன் வாழ்க்கையிலேயே நீ எழுதிய பெரிய கடிதத்தை இடது பக்கம் வாங்கி வலது பக்கம் தள்ளினேன், அவ்வளவுதான். துரோகம் செய்த அப்பா என்றாவது ஒரு கௌரவம் இருந்தது, அதையும் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுகிறேன். உன் அம்மாவிடம் முந்தாநாள் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எனக்கு அவ எழுதவே இல்லைங்க. நாப்பத்து மூணு பேரோட வரிசையில நின்னு நானும் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள், பிறகு கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

போன வாரம் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க டோக்கன் கிடையாது என்பதால் பல்வலி என்று டோக்கன் வாங்கினேன். என் முறை வந்ததும் டோக்கன் கொடுத்த பெண் என்னைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டுவிட்டாள். அவர் முகமூடியோடு வந்து குனிந்தார். அந்த நிலையில்தான் மன்னிப்புக் கேட்டேன், மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கழுத்தில் காகிதத் துண்டோடு. அவர் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு, "அவங்க வேண்டாம்னு சொன்னதுல எனக்குக் கோவம் இல்ல அங்கிள். ஒரு பேஷன்டோட வாய் திறந்திருக்கிறப்போ எங்கம்மா போன் பண்ணி அழுதாங்க பாருங்க, அந்தக் கோவம் உங்க மேல இருக்கு. வாயத் திறங்க" என்றார். திறந்தேன். கடைவாய்ப் பல் உண்மையாகவே சொத்தையாம். பிடுங்கினார், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் பிடுங்கினார், கண்ணியமான பையன். நீ பேச நினைத்தால் போனை எடுப்பாராம், நினைக்காவிட்டாலும் பரவாயில்லையாம். இதை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன், என் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

உன் செய்தியை இப்போது பதினொரு முறை படித்துவிட்டேன். அதில் நீ, "நாளைக்கு அவரிடம் நானே பேசப்போகிறேன், அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கணும், நான் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் என் பக்கம் நிற்பீர்களா" என்று கேட்டிருந்தாய். நாற்பத்து மூன்று பேர் அந்தக் கேள்வியைப் படித்தார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான் படிக்கவில்லை. தாமதமான பதில் இது. நிற்கிறேன். காரணம் கேட்க மாட்டேன். ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று உன் மாமா கேட்டபோது, அது என் விஷயம் இல்லை என்று சொன்னேன், நேற்று குழுவிலும் எழுதினேன்: மகளின் கடிதத்தைப் படிக்காமல் அனுப்பியவன் நான், ஒளிவு மறைவு இல்லை என்று எழுதியது பொய், இது பற்றி யாரும் அவளிடம் கேட்க வேண்டாம். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். உன் அத்தை போன் செய்தாள். "முட்டாள்டா நீ" என்று தொடங்கிப் பத்து நிமிடம் திட்டினாள், கடைசியில், "ஆனா பொண்ணு என்னை மாதிரிடா, நல்ல ஃபார்வர்டு" என்றாள். ஐம்பது வருடம் கழித்து அந்தச் சொல்லை ஒரு பதக்கம் போல எடுத்து உனக்குக் குத்திவிட்டாள். எனக்கும் பட்டம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் இப்போது என்னை ஃபார்வர்ட் பெரியப்பா என்கிறார்கள். உளறுவாயன் என்று பொருள். அடுத்த பதிப்பு அகராதியில் வரும்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கீங்க, நானும் ஒரு பார்வை பார்க்கிறேனே என்றாள். இது பெரியவளுக்கு மட்டும் எழுதினது என்று தாளைக் கவிழ்த்தேன். அவள் உள்ளே போய், உறையை ஒட்டப் பசை டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எடுத்த முடிவில் நிமிர்ந்து நில், நீண்ட நாள் நன்றாக இரு. என் மேல் உள்ள கோபத்தை உடனே விட வேண்டாம், நியாயமான அளவு வைத்திருந்துவிட்டு விடு. உன் அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, மறக்காதே. அவள் போனுக்கே அனுப்பு, என் வழியாக வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னுடையதை முழுதும் படித்துவிட்ட
அப்பா