பிடுங்காமல் விட்ட பயிர்

மாப்ள,

இன்று விடிந்ததும் மக்காச்சோளத்துக்குள் இறங்கி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மாவு பூத்திருந்தது. தடவினேன், விரலில் வெள்ளையாக ஒட்டியது. அடிச்சாம்பல் நோய். பதறியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. நீ போனதிலிருந்து எனக்கு எல்லாமே மரத்துத்தான் கிடக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் இதே பேரையூர்ப் புஞ்சையில், நம் இருவருக்கும் பொதுவான வரப்பில் நின்று நீ கத்தினாய். "தண்டழுகல்னா வந்த புஞ்சையோட போயிரும். இது அடிச்சாம்பல், காத்துல பரவும் மாப்ள. இலையில வெள்ளைக் கோடு விழுந்ததப் பூராம் பிடுங்கிப் புதைச்சிரு."

முழங்கால் உயரம் வந்த பச்சைப் பயிரைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. துத்தநாகச் சத்துக் குறைவு என்று சாதித்தேன். அதற்கும் இலை வெளுக்கும். "பெரிய டாக்டரு இவரு" என்று உன்னைக் கேலி செய்துவிட்டு சிங்க் சல்பேட்டைக் கரைத்து அடித்தேன். பத்து நாளில் உன் பயிரிலும் கோடு விழுந்தது. பிந்தி விதைத்த இளம்பயிர், தாங்கவில்லை. உச்சியில் பூ வர வேண்டிய இடத்தில் இலையாக வந்தது. எனக்குப் பாதி தேறியது. உனக்கு ஒரு மூட்டைகூட இல்லை.

சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். வரவில்லை. டவுனுக்குக் கிளம்பி, கோச்சடையில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேனாகப் போனாய். போன் செய்தால் "அங்கிட்டு மழை எம்புட்டு பேஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்பாய். போன மாசியில் அங்கேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இந்த வருடம் உன் புஞ்சையில் உன் மனைவி விதைத்திருக்கிறாள். இன்று நான் பயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது வரப்புக்கு வந்தாள்.

"என்னண்ணே, நல்ல பயிரைப் போயி பிடுங்குறீக?"

"நோயித்தா. விட்டா உன் புஞ்சைக்கு வந்துரும்."

"அன்னைக்கு எங்களுக்கு வந்ததும் இதானா? வெதை சரியில்லைன்னுல்ல அவுக சொன்னாக."

சொந்தப் பெண்டாட்டியிடமே என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். ஆமாம், விதைதான் என்று நானும் சொல்லிவிட்டிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"வெதை நல்ல வெதைதான்த்தா. நோயி என் புஞ்சையில இருந்து வந்துச்சு. அவன் பிடுங்கச் சொன்னான். நான் பிடுங்கல."

 அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் புஞ்சைக்குள் இறங்கி, அடுத்த வரிசையில் பிடுங்க ஆரம்பித்தாள். வரிசை முடியும்போது திரும்பாமலே கேட்டாள்.

"இதை அவுக இருக்கையில அவுககிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணே?"

சொல்லியிருக்கலாம் மாப்ள. எனக்குத்தான் வாய் வரவில்லை. உனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடமே கிடக்கிறது.